சன்னலில் சிவப்பு விரிப்பு

ஏப்ரல் 14, 2020
பல் தேய்த்தேன். இன்றைக்கு அவ்வளவுதான்.

ஏப்ரல் 17
ஊரடங்கு இன்னும் நீளுமாம், தலைநகர் பொகோட்டாவிலும் அதையடுத்த எங்கள் சோவாச்சா மேட்டிலும். மெதெயின் நகரிலிருந்து தங்கை நோரால்பா அழைத்தாள். எடுக்கவில்லை. படியில் யாராவது ஏறினாலே நெஞ்சு அடித்துக்கொள்கிறது. காய்ச்சல் இல்லை, தெரியும். ஆனாலும் கதவுக்கு முட்டுக்கொடுத்து நாற்காலி. என் வகுப்பில் விடை தெரிந்தும் கரும்பலகை முன்னால் கால் நகராமல் நிற்கும் பிள்ளைகள் உண்டு. "பரவாயில்லை, உட்காரு" என்பேன். எனக்கு யார் சொல்வது?

ஏப்ரல் 20
பெரிய கணக்கைக் கண்டு மலைக்கும் பிள்ளையிடம் முதல் வரியை மட்டும் எழுதச் சொல்வேன். நானும் ஒன்றே ஒன்று செய்தேன்: காப்பி கொட்டிய கிறிஸ்துமஸ் மேசைவிரிப்பைத் துவைத்துச் சன்னலில் காயப்போட்டேன். பிறகு படுத்துவிட்டேன்.

ஏப்ரல் 21
யாரோ கதவைத் தட்டினார்கள். கீழ்வீட்டு யாமிலே, ஊரடங்குக்கு முன் தெருமுனையில் அரேப்பா என்னும் சோள ரொட்டி சுட்டு விற்றவள்.

"டீச்சர், தொறக்க வேணாம். படியில பருப்பு வச்சிருக்கேன். ஆறுறதுக்குள்ள சாப்பிடுங்க."

எதற்குப் பருப்பு? அப்புறம்தான் உறைத்தது. அடுப்பு எரியாத வீடு உதவி கேட்டுச் சன்னலில் சிவப்புத் துணி தொங்கவிடுவது இங்கே வழக்கமாகிவிட்டதே! என் விரிப்பும் சிவப்பு. ஆனால் யாமிலே சன்னலிலும்தான் சிவப்புத் துணி தொங்குகிறது. அது அவள் பிள்ளைகளின் பருப்பு. எப்படித் தின்பேன்?

நாற்காலியை நகர்த்தினேன். திறந்தேன்.

"யாமிலே, நில்லு. அது துவைச்சுக் காயப்போட்ட துணிம்மா."

முகக்கவசத்துக்குள் சிரித்தாள். "போங்க டீச்சர், இருந்த ஒரே வாழைக்காயையும் அதுல வெட்டிப் போட்டேனே." பிறகு என்னை உற்றுப் பார்த்தாள். "பசியில்லன்னா மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"பயமா இருக்கு. எதுக்குன்னே தெரியல. எந்திரிக்கவே முடியல."

சொல்லிவிட்டேன். அவள் படியில் உட்கார்ந்தாள், நான் வாசலில். தனக்கும் அப்படித்தான் என்றாள். பயம் வந்தால் மாவு பிசைவாளாம், இப்போது பிசைய மாவும் இல்லையாம். என்னிடமிருந்த சோளமாவையெல்லாம் கொடுத்தேன்.

போகும்போது சொன்னாள்: "துணிய எடுத்துடாதீங்க. சோத்துக்கு மட்டும்தான் தொங்கவிடணும்னு யாரு சொன்னா?"

ஏப்ரல் 29
நோரால்பாவை அழைத்தேன். நன்றாகத் திட்டினாள். இதமாக இருந்தது.

மே 12
மருத்துவர் தொலைபேசியில் பேசினார். இது சோம்பல் இல்லை, நோய். மருந்து இருக்கிறது என்றார். சோம்பல் இல்லை! அதைக் கேட்டதிலேயே பாதி சரியான மாதிரி.

ஜூன் 6
தூங்கினேன். குளித்தேன். யாமிலே மறுபடி அரேப்பா சுடுகிறாள், சன்னலிலிருந்தே விற்கிறாள். அவள் துணி போன வாரமே இறங்கிவிட்டது. காலையில் என் விரிப்பையும் எடுத்தேன். உடனே கீழிருந்து குரல்:

"டீச்சர், துணி எங்க? காத்துல போயிடுச்சா?"

"இல்லம்மா, மேசைக்கு வேணும். காப்பி போட்டிருக்கேன், மேல வா. கதவு தொறந்துதான் இருக்கு."