ஊதா நாடா கட்டிய பலாக்கட்டை

இன்று காலை உன் முறுக்கு டப்பாவைத் திறந்தேன். அடியில் ஒரே ஒரு கட்டுதான் கிடந்தது. ஒரு சாணுக்கும் குறைவான பலாக்கட்டை, கூடவே ஒரு பேனா கிட், இரண்டையும் சேர்த்து ஊதா நிறத் துணிநாடாவில் நீ போட்ட முடிச்சு. நீ போய் ஒன்றரை வருடமாகிறது. இத்தனை நாளும் டப்பாவுக்குள் கையை விட்டு, வந்ததை எடுத்துக் கடைந்துகொண்டிருந்தேன். எந்த மரத்துக்கு எந்தக் கிட் என்று நான் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

இது ஒன்றுதான் மீதி என்று தெரிந்ததிலிருந்து இரண்டு மாதமாக டப்பாவைத் தொடவில்லை. அலுப்பு என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அலுப்பும்தான். ஒரு தட்டைக் கழுவி ஒரு தட்டைக் கவிழ்த்து வைப்பதற்குள் பொழுது போய்விடுகிறது.

ஒர்க்‌ஷாப்பில் இரும்பு கடைந்தே வயதானவன் நான். ஓய்வுக்குப் பிறகு சின்ன லேத் வாங்கிப் பேனா கடையத் தொடங்கியபோது, கட்டையில் துளை போட்டால் வெடிக்குமா, உள்ளே பித்தளைக் குழாய் இறுக்கமாக உட்காருமா என்று மட்டுமே பார்ப்பேன். கூரியரில் கிட்டாக வருகிற நிப்பும் கிளிப்பும் மூடியும் எந்த நிறமாக இருந்தால் என்ன என்பது என் கட்சி. நீயோ ஆலங்குடியில் மேட்சிங் பிளவுஸ் கடையில் பதினோரு வருடம் நின்றவள். புடவை கைக்கு வந்தால் நேரே தெருவுக்கு நடப்பாய், புடவைக்காரி பின்னாலேயே ஓடி வருவாள். அதே பழக்கத்தில் என் கட்டைகளையும் வாசலுக்கு எடுத்துப் போனாய்.

"டியூப்லைட்டுல எல்லாம் ஒண்ணாத்தாங்க தெரியும். இங்கிட்டு வெயிலுக்கு வாங்க."

"ஒரு பேனாவுக்கு இம்புட்டுப் பொருத்தமா? நமக்கே இவ்வளவு பாக்கல."

"அதனாலதான் இப்பப் பாக்குறேன்."

பனங்கட்டையை ஒல்லியான கிட்டோடு வைத்தால் பிடுங்கிவிடுவாய். "அந்தக் கறுப்புக் கோடெல்லாம் எங்க போயி நிக்கும், பாவம்" என்பாய். மரத்துக்காக நீ பாவப்படுவது எனக்குச் சிரிப்பாக இருக்கும்.

புயலில் நம் கொல்லைப் பலா சாய்ந்தது. அறுத்துக் காயவைத்த கட்டைகள் அரைத்த மஞ்சள் நிறத்தில் இருந்தன. மகளுக்கு டீச்சர் வேலை கிடைத்த சமயம். அவளுக்கு முதல் பேனா என்று நீ எடுத்து வைத்தது செம்பு நிறக் கிட். மஞ்சளுக்கு யாராவது செம்பு வைப்பார்களா? நீ கடைத்தெருவுக்குப் போன நேரம் பார்த்துத் தங்க நிறக் கிட்டை வைத்து அழுத்திவிட்டேன். அழுத்தினால் அழுத்தியதுதான், பிரிக்கப் போனால் மரம் பிளக்கும். நீ வந்து பார்த்தாய்.

"இன்னைக்கு இருக்கற நெறத்துக்குப் பாத்துட்டீங்க. பலா மாறுங்க. எங்கப்பா வீட்டுக் கதவு புதுசுல இந்த மஞ்சள்தான். ஒரு வருஷத்துல ஆளு அடையாளம் தெரியல."

மறுவருடம் விடுமுறைக்கு வந்த மகளின் பையில் அந்தப் பேனா இருந்தது. மரம் செம்பழுப்பாகிவிட்டது. தங்கம் தனியாகத் துருத்திக்கொண்டு நின்றது. நீ பார்த்தாய், முந்தானையால் துடைத்து அவள் பையிலேயே திரும்ப வைத்தாய். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அன்றுதான் சொன்னேன், இனிமேல் நீயே ஜோடி சேர்த்துக் கட்டி வையென்று.

முடியாமல் படுத்த பிறகும் கட்டிலில் சாய்ந்துகொண்டு கட்டிக்கொண்டேயிருந்தாய். நாடா தீர்ந்ததும் பழைய பிளவுஸ் பிட்டைக் கிழித்தாய். எதற்கு இத்தனை என்று கேட்டேன்.

"இல்லாட்டி நீங்க எல்லாத்துலயும் தங்கத்தப் பூட்டிருவீங்க" என்றாய். சிரித்துவிட்டுக் கொல்லைக்குப் போய் அழுதேன். உனக்குத் தெரிந்திருக்கும்.

திருச்சியிலிருக்கும் மகள், தன்னோடு வந்துவிடச் சொல்லி வாராவாரம் போன் செய்கிறாள். அம்மா கட்டியது தீரட்டும், வருகிறேன் என்று சொல்லி வைத்திருந்தேன். இதுதான் தீர்கிற கட்டு. முடிச்சை அவிழ்க்க மனம் வரவில்லை, கட்டையையும் கிட்டையும் மெதுவாக உருவி எடுத்தேன். கட்டையின் மேல்தோல் பழுப்பேறியிருந்தது. லேத்தில் ஏற்றியதும் பழுப்பெல்லாம் சுருளாக உதிர்ந்து, அறுத்த நாளின் மஞ்சள் வெளியே வந்தது. கிட் செம்பு நிறம். டிராயரில் தங்க நிறக் கிட் ஒன்று இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன், அதையும் ஒரு முறை எடுத்துப் பார்த்தேன். திரும்ப வைத்துவிட்டுச் செம்பையே அழுத்தினேன்.

வாசலுக்குப் போய் வெயிலில் பிடித்துப் பார்த்தேன். பொருந்தவில்லை.

மதியம் மகள் பேசினாள். "அப்பா, முடிஞ்சிருச்சா? எப்பக் கூட்டிட்டுப் போக வரட்டும்?"

"பேனா முடிஞ்சிருச்சு தாயி. நெறந்தான் இன்னும் கூடல."

"அதுக்கு எவ்வளவு நாளாகும்?"

"ஒரு வருஷம்னு அம்மா சொன்னா."

"அப்ப இருங்கப்பா" என்றாள்.

அந்த முடிச்சு காலி வளையமாக டப்பாவிலேயே இருக்கிறது. பேனாவைப் பாதி வெளியே தெரிகிற மாதிரி சட்டைப் பையில் வைத்திருக்கிறேன், வெயில் படட்டும் என்று. எதிரே வருகிறவர்கள் பார்த்தால், ரசனை கெட்ட கிழவன், மஞ்சளுக்குப் போய் செம்பைப் பூட்டியிருக்கிறான் என்று நினைப்பார்கள். நினைக்கட்டும்.