ஜெயித்த தோட்டம்

முசிறியில் இருக்கும் அண்ணன் செல்லமுத்து அவர்களுக்கு, பொகவந்தலாவையிலிருந்து தங்கை காளியாயி எழுதுவது. மூட்டுவலி தேவலையா? நான் கப்பலேறிய அன்று அண்ணி புளித்த சோறு கட்டிக் கொடுத்தது இன்னும் நெஞ்சில் இருக்கிறது. இருந்தாலும் அவர்களும் சுகமாக இருக்கட்டும்.

இங்கே வேலைநிறுத்தம் முடிந்தது. சங்கத் தலைவர் கழுத்து நிறைய மாலையோடு, "வாகை சூடினோம்! சாதித்துக் காட்டினோம்! கொடி நாட்டினோம்!" என்றார். ஜெயித்ததற்கு இத்தனை சொல் இருப்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. எல்லாரையும் திரும்ப வேலைக்கு எடுத்தார்கள், முன்னால் நின்ற என் மகன் அழகனைத் தவிர. அவனைத் துரை குடும்பத்தோடு தோட்டத்தை விட்டே போகச் சொல்லிவிட்டார்.

"எம் மவனுக்கு எப்பங்கய்யா வேலைக்குப் பேரு போடுவாங்க?" என்று தலைவரிடம் கேட்டேன்.

"ஜெயிச்ச நாள்ல அழுவாத ஆயா, சிரி" என்றார்.

அன்றைக்கு வெற்றி ஊர்வலத்துக்குத் தப்பு மேளம் அடித்ததே அழகன்தான். அவனைப் போல யாருக்கும் அடிக்க வராது என்று கூப்பிட்டார்கள், போய் அடித்தான்.

கவலைப்படாதீர்கள். உங்கள் மாட்டுக்கொட்டகையை ஒட்டி ஒரு சாய்ப்பு இறக்கினால், பேரப்பிள்ளைகளோடு நாங்கள் முடங்கிக்கொள்வோம். முடியுமா, முடியாதா என்று மட்டும் எழுதுங்கள். கங்காணி கதவைத் தட்டுகிறார். பதிலை இந்த லயத்து வீட்டுக்குப் போடாமல் கடைவீதி ராமநாதன் கடைக்குப் போடுங்கள்.