பக்கத்து வீட்டு மூட்டைப்பூச்சி

ஹிடார் மாதம் 3
மறுபடியும் கடித்திருக்கிறது. மெத்தைத் தையலைப் பிரித்துப் பார்த்தேன். மூட்டைப்பூச்சி, குடும்பத்தோடு. போன மாதம்தான் மருந்தடித்தேன். எல்லாம் பக்கத்து வீட்டு பெலாய்நேஷ் அக்காவிடமிருந்து வருவது. நடுவில் ஒரே சுவர். சுவிட்சுப் பெட்டி ஓட்டை வழியாக ஏறி வருவதை என் கண்ணால் பார்த்தேன். மகள் சோஸினா பிள்ளை பெற்று நேராக இங்கேதான் வரப்போகிறாள். பச்சைக் குழந்தையை எங்கே படுக்கவைப்பேன்?

ஹிடார் 5
எங்கள் மாடிப் பெண்களுக்குக் காப்பி இன்று அக்கா வீட்டில், முறைப்படி மூன்று கோப்பை. முதல் கோப்பை முடிவதற்குள் சோபா நுனிக்கு நகர்ந்துவிட்டேன். மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன்.
"அக்கா, ரெண்டு வீட்டுக்கும் சேர்த்து மருந்தடிச்சா என்ன?"
"எதுக்கு? என் வீட்டுல என்ன இருக்கு?"
மாடிப் பெண்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.
"ஒண்ணுமில்லக்கா, எறும்பு."
மூன்றாவது கோப்பையையும் குடித்துவிட்டுத்தான் எழுந்தேன். நடுவில் எழுந்தால் அதற்கொரு பேச்சு. கோழை நான்.

ஹிடார் 8
பெண் குழந்தை! ஆபரேஷன் என்பதால் வீட்டுக்கு வர நாளாகுமாம். சந்தோஷப்படக்கூட விடாமல் அரிக்கிறது.

ஹிடார் 9
கட்டடக் குழுவிடம் சொல்லிவிடலாமா? சொன்னால் அக்கா வீட்டுக் காப்பிக்கு ஒருத்தியும் போகமாட்டாள். புருஷன் போன பிறகு அவளுக்கு அந்தக் காப்பிதான் மனுஷத் துணை. சரி— அதுக்காக என் பேத்தி கடிபடணுமா? மெத்தையைத் தூக்கி எறிஞ்சா என்ன குறைஞ்சுபோகும்? ஏன் எறியறேன்னு நாலு பேர் கேப்பாங்க, அதுதான்.

ஹிடார் 12
மிகாயேல் திருநாள். அடிஸ் அபாபா முழுக்கப் புகை. நோய் ஒழியட்டும் என்று ஊரே குப்பையைக் கூட்டிக் கொளுத்துகிறது. நானும் மெத்தையைச் சுருட்டிக் கட்டி இழுத்தேன். வேண்டுமென்றே அக்கா கதவில் இடித்தேன். இன்றைக்கு ஒரு சண்டை போட்டே தீருவது என்றிருந்தேன்.
வெளியே வந்தாள். மெத்தையின் மறுமுனையைப் பிடித்தாள். கீழே நெருப்பைச் சுற்றி எல்லாரும் நின்றிருந்தார்கள். ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. அவரவருக்கு அவரவர் குப்பை.
திரும்பி ஏறும்போது சொன்னாள்: "மூச்சு வாங்கிக்கோ. இன்னும் ஒண்ணு இருக்கு, என் வீட்டுல."
"எது அக்கா?"
"தெரிஞ்சுக்கிட்டே கேக்கறா பாரு."

ஹிடார் 13
மருந்துக்காரர் வந்தார். இரண்டு வீட்டுக்கும். அக்காவும் நானும் மூக்கைப் பொத்திக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தோம்.

ஹிடார் 20
சோஸினா வந்து மூன்று நாள். கிறிஸ்துமஸ் நோன்பு தொடங்கிவிட்டது, ஆனால் பிள்ளை பெற்றவளுக்கு வெண்ணெய் உண்டு. அக்கா பார்லிக் களி கிண்டி, நடுவில் வெண்ணெயை உருக்கி ஊற்றிக் கொண்டுவந்தாள். குழந்தையை வாங்கித் துணியை விலக்கினாள். கை, கால், கழுத்து மடிப்பு என்று ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள்.
"யார் சாடை பெரியம்மா?" என்று சோஸினா கேட்டது அவள் காதில் விழவில்லை.
"ஒரு தடிப்புகூட இல்ல" என்றாள் என்னிடம்.