அறுபதைத் தாண்டாத மழை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று எழுதக் கை வரவில்லை. போன் செய்தால், "சாப்ட்டேன்மா, தூங்கினேன்மா" என்று இரண்டு பொய்யைச் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். இதையாவது முழுக்கப் படித்துவிட்டு வை.

வீட்டில் வெள்ளத் தண்ணீர் வடிந்து நாலு மாதம் ஆகியும் சமையலறைச் சுவரில் அது நின்ற கோடு போகவில்லை. இரண்டு தடவை சுண்ணாம்பு அடித்தும் பழுப்பாக மேலே வந்துவிடுகிறது. பீரோவின் கீழ்த்தட்டு ஊறிப் பிளந்துவிட்டது. உன் சான்றிதழ்கள் மேல்தட்டில் இருந்ததால் தப்பித்தன. என் முழங்கால் வழக்கம்போல மக்கர் செய்கிறது. மழை அளக்க நீரேற்று நிலையத்துக்கு நடந்துதான் போய்வருகிறேன்.

போன திங்கட்கிழமை வெள்ள விசாரணைக் குழுவிலிருந்து ஒரு அதிகாரி நிலையத்துக்கு வந்தாள். உன்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். மழைப் பதிவேடுகளை எல்லாம் மேஜையில் அடுக்கி வைத்தேன். புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "இது சும்மா சம்பிரதாயத்துக்குத்தாம்மா. பதிவேடு எல்லாம் ஒழுங்கா இருக்குன்னு ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க. உங்க பொண்ணு எல்லாத்தையும் தன் தலையில போட்டுக்கிட்டாங்க. மழைக்கணக்குல ஒரு குறையும் இல்ல, வெள்ளத்தைக் கணிக்கிற கம்ப்யூட்டர் மாடல்ல அதைப் பொருத்தினதுல நான்தான் தப்புப் பண்ணிட்டேன்னு எழுதியே குடுத்துட்டாங்க" என்றாள்.

நான் கையெழுத்துப் போட்டேன். பழகின கை. யோசிக்காமல் போட்டுவிட்டது.

புதன்கிழமை தையல்காரரைப் பார்த்தேன். ஆற்றங்கரைக் குடியிருப்பில் வெள்ளத்தோடு போன பத்தொன்பது பேரில் அவர் மனைவியும் சின்ன மகளும் இருந்தார்கள் என்று உனக்குத் தெரியும். இப்போது கடைவீதியில் வேறொருவர் கடை வாசலில் மிஷின் போட்டு உட்கார்ந்திருக்கிறார். என் ரவிக்கையை வாங்கி அளவு எழுதிக்கொண்டே கேட்டார்: "அக்கா, எங்களை மேட்டுக்கு மாத்தறதா இருந்தாங்க. அப்புறம் கம்ப்யூட்டர்ல பாத்துட்டோம், இங்க நூறு வருஷத்துக்கு ஒருதரம்தான் தண்ணி வரும், கரை கட்டறதை அந்தப் பக்கம் கட்டிக்கறோம்னாங்க. நாங்களும் நம்பி இருந்துட்டோம். எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அந்தக் கம்ப்யூட்டருக்கு யாருக்கா சொன்னா?"

கோபமே இல்லாமல் கேட்டார். நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்டார். நான் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

நான்தான் சொன்னேன், கண்ணு.

நீங்கள் வைத்து வேலை செய்கிற அந்த வெளிநாட்டுக் கம்ப்யூட்டர் மாடல் உலகம் முழுவதற்கும் பெரிய பெரிய கட்டமாகத்தான் மழை சொல்லும், அதை நம் பள்ளத்தாக்குக்குப் பொருத்த வேண்டுமானால் இங்கே உண்மையில் பெய்த மழையின் பழைய கணக்கு வேண்டும் என்று நீயே எனக்கு விளக்கியிருக்கிறாய். மற்ற நாடுகளில் பத்து மைலுக்கு ஒரு மழைமானி இருக்கும், நமக்கு மேல் பள்ளத்தாக்கு முழுவதற்கும் ஒன்றே ஒன்றுதான், அதுவும் உன்னுடையதுதான் என்று சிரித்தாய். மூன்று வருஷம் முன்னால் ஒரு நாள் போனில் கேட்டாயே, ஞாபகம் இருக்கிறதா? "அம்மா, உன் கணக்குல ரெண்டு மழைக்காலம் மட்டும் ஒரு நாள்கூட அறுபது மில்லிமீட்டரைத் தாண்டலையே. அம்பத்தேழு, அம்பத்தெட்டுன்னு வந்து வந்து நின்னுடுது. நீ ஒழுங்காத்தானே அளந்தே?"

எனக்கு அப்படிக் கோபம் வந்தது. இருபது வருஷமாக அளக்கிறவளிடம் கேட்கிற கேள்வியா என்று எரிந்து விழுந்தேன். நீ உடனே இறங்கி வந்தாய். "இல்லம்மா, எங்க டீம்ல அந்த ரெண்டு வருஷத்தைத் தூக்கிடலாம்னாங்க. அளந்தது எங்கம்மா, ஒரு சொட்டுகூடத் தப்பாதுன்னு சொல்லி நிறுத்தி வச்சிருக்கேன்" என்றாய். போனை வைத்துவிட்டு நான் சந்தோஷப்பட்டேன். இதையும் உன்னிடம் சொல்லியாக வேண்டும். அன்றைக்கு எனக்குப் பயம் வரவில்லை, பெருமைதான் வந்தது.

அப்பா போவதற்கு முந்திய அந்த இரண்டு மழைக்காலமும் அவர் படுக்கையில் இருந்தார். நீ வெளியூரில் கடைசி இரண்டு வருஷப் படிப்பில் இருந்தாய். "அப்பாவுக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்லை" என்று மட்டும் எழுதினேன். அவரால் தானாகப் புரண்டு படுக்க முடியாது. எச்சிலை விழுங்கும்போதே புரை ஏறும். பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால் மூச்சு நின்றுவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

தினமும் காலை எட்டரைக்கு மழைமானியைப் பார்த்து எழுத வேண்டும். அந்த ஒரு தரத்துக்கு மட்டும் பக்கத்து வீட்டுப் பெண்ணை அவரிடம் உட்கார வைத்துவிட்டு ஓடிப்போய் வந்துவிடுவேன். ஆனால் அறுபது மில்லிமீட்டரைத் தாண்டிவிட்டால் அன்று முழுக்க மூன்று மணி நேரத்துக்கு ஒருதரம் போய் அளந்து, மேல் அலுவலகத்துக்குப் போனில் சொல்ல வேண்டும் என்று விதி. கொட்டுகிற மழையில் போக அரை மணி, வர அரை மணி. மேலாளரிடம் மாற்று ஆள் கேட்டேன். "ஆள் எங்கம்மா இருக்கு? எப்படியாவது ஓட்டுங்க" என்றார். அவர் மேல் பழி போட மாட்டேன். ஓட்டியது நான்தான்.

தொண்ணூறு வந்த நாளும் உண்டு, நூற்றுப் பத்தைத் தாண்டிய நாளும் உண்டு. குடுவையில் பார்ப்பேன். தரையில் கொட்டுவேன். ஐம்பத்தெட்டு என்று எழுதிவிட்டு வீட்டுக்கு ஓடுவேன். பதினேழு நாள் அப்படி. ஒரு காகிதத்தில் நான் எழுதுகிற எண்ணால் யாருக்கு என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்தேன். உண்மையான எண்ணை வேறெங்கும் குறித்து வைக்கவில்லை. இப்போது தேடினாலும் கிடைக்காது.

வியாழக்கிழமை காலை நானே பஸ் ஏறி விசாரணை அலுவலகத்துக்குப் போய் இதையெல்லாம் சொல்லிவிட்டேன். அந்த அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "யோசிச்சுச் சொல்றீங்களாம்மா? வேலை போயிடும், பென்ஷன் போயிடும், கேஸும் வரலாம்" என்றாள். வரட்டும் என்றேன். அப்புறம், "இது உங்க பொண்ணுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டாள். தெரியாது என்று அடித்துச் சொன்னேன்.

அது பொய்யா உண்மையா என்று எனக்கே தெரியவில்லை. வெள்ளம் வருவதற்கு முன்னால் உனக்குத் தெரியாது. அது நிச்சயம். ஆனால் வெள்ளத்துக்குப் பிறகு எல்லாவற்றையும் பற்றிக் கேட்டாய். சுவர், பீரோ, முழங்கால் எல்லாம். அந்த இரண்டு வருஷக் கணக்கைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை. நீ கேட்காமல் இருந்ததிலிருந்துதான் நீ கண்டுபிடித்துவிட்டாய் என்று நான் புரிந்துகொண்டேன்.

நான் சொன்னதை அவர்கள் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. மகளைக் காப்பாற்றத் தாய் கதை கட்டுகிறாள் என்று குழுவில் பேசுகிறார்களாம். நீ எழுதிக் கொடுத்தது ஒருபக்கம், நான் சொல்வது ஒருபக்கம். வருகிற திங்கட்கிழமை உன்னைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். நீ அங்கே என்னை மறுத்துப் பேசாதே.

பாலத்தடிக் குடியிருப்பை நினைத்துப் பார். நூற்று நாற்பது வீடுகள். உங்கள் வெள்ள வரைபடத்தில் அது இன்னும் ஆபத்தில்லாத பச்சையாகத்தான் இருக்கிறது. பதிவேட்டில் குறை இல்லை என்று நீ நிற்கிறவரை அந்த எண்களை யாரும் தொட மாட்டார்கள், அந்தப் பச்சையும் மாறாது. மழைக்கு ஏழு வாரம்தான் இருக்கிறது. அந்த இரண்டு வருஷத்தையும் தூக்கிவிட்டு மறுபடி கணக்கை ஓட்டச் சொல். உன்னை ஓட்ட விடாவிட்டால் வேறு யாரையாவது விட்டு ஓட்டச் சொல். அவர்களை மேட்டுக்கு ஏற்றிவிட்டு அப்புறம் என்னை என்ன செய்தாலும் செய்யட்டும்.

அப்பாவுக்காகச் செய்தேன் என்று நீ எனக்குப் பரிந்து பேசுவாய். பேசாதே. அந்தத் தையல்காரருக்கும் ஒரு வீடு இருந்தது. அம்மாவை நினைத்து வெட்கப்படாதே என்று கேட்க எனக்கு வாய் இல்லை. வெட்கப்படு. அழு. ஆனால் திங்கட்கிழமை நடந்ததை நடந்தபடி சொல்லிவிடு. அதற்கு முன் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போ.

நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும், கண்ணு.

உன்
அம்மா