பீரங்கிக்கு நன்றி சொன்ன சம்பந்தி

என் ஆசை அக்கா,

உன் மகளுக்குக் கலியாணம் பேசியாயிற்று. நல்ல செய்தியை முதலில் சொல்லவேண்டும் என்பதற்காகச் சொல்லிவிட்டேன். மற்றப்படி நான் கொதித்துப்போய் இருக்கிறேன். இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

சுகந்தியை இப்போது பார்த்தால் உனக்கு அடையாளம் தெரியாது. நீ போகும்போது சின்னப்பிள்ளை. இப்போது நர்ஸுக்குப் படித்து முடிக்கிறாள். இந்தப் பனி நாட்டில், வோபர்னில் ஒரு அடுக்குமாடி வீட்டில் நானும் அவளும்தான். பெடியன் பெயர் பிரதீபன். கம்ப்யூட்டர் வேலை, அமைதியான பிள்ளை. அவளே விரும்பியது. பெடியனில் நான் ஒரு குறையும் சொல்லமாட்டேன். குறை தகப்பனில்.

போன ஞாயிற்றுக்கிழமை தாய், தகப்பன், பெடியன் மூவரும் வந்தார்கள். நான் றோல்ஸும் கேசரியும் செய்து வைத்திருந்தேன். பனிச்சப்பாத்தைக் கழற்றிவைத்து உட்கார்ந்ததும் ஊர்க்கதை தொடங்கியது. தகப்பன் மகேந்திரன் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்காக இருந்தவராம். எந்த டவுன் என்று சொன்னதும் நான் நிமிர்ந்து பார்த்தேன். நீ கலியாணம் முடித்துப் போன ஊருக்கு ஆற்றின் நேர் எதிர்க்கரை. சுகந்திக்குத் துணி எடுக்க நீ வள்ளத்தில் போய்வந்த அதே டவுன்.

"சண்டை தொடங்கேக்கை நாங்கள் உள்ளுக்கை மாட்டுப்பட்டிட்டம் தங்கச்சி," என்றார். "இயக்கப் பொடியள் சுத்தி வளைச்சிட்டாங்கள். முகாமிலை ஆமியும் குறைவு, சாப்பாடும் வரேல்லை. ஆமியின்ரை அந்தப் பெரிய ஆட்லறிப் பீரங்கி மட்டும் இல்லாட்டி டவுன் விழுந்திருக்கும். தெருத்தெருவாச் சண்டை நடந்திருக்கும். நாங்கள் சின்னப்பிள்ளையோடை சேர்ச்சுக்கை கிடந்தனாங்கள். ஒருத்தரும் மிஞ்சியிருக்க மாட்டம்."

மேசைவிரிப்பில் விரலால் ஆற்றைக் கீறிக் காட்டினார். பொடியள் அக்கரையில் வள்ளங்களைச் சேர்க்கும்போதெல்லாம் முகாமிலிருந்து பீரங்கி அந்த வள்ளத்துறையை அடிக்குமாம். ஆற்றைத் தாண்டவே விடவில்லையாம். பிறகு விரலை இன்னும் தள்ளி வைத்தார்.

"பிறகு அவங்கள் அக்கரை ஊருக்குள்ளை பின்வாங்கினாங்கள். ஆட்லறியும் ஊருக்குள்ளை அடிச்சது. அப்பத்தான் நாங்கள் மூச்சு விட்டனாங்கள்."

கிரிக்கெட் மாட்ச் பார்த்துவிட்டு வந்தவரைப்போலச் சொன்னார், அக்கா. நான் தேத்தண்ணித் தட்டை மேசையில் வைத்தேன்.

"ஊருக்குள்ளை ஆர் இருந்தவை எண்டு தெரியுமோ?" என்று கேட்டேன்.

"அவங்கள்தானே நிண்டவங்கள்."

"என்ரை அக்கா நிண்டவா."

அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டார். அந்த மனிதர் மட்டும் அசையவில்லை. "அதுக்கு நாங்கள் என்ன செய்யிறது தங்கச்சி? நாங்களோ அடிச்சனாங்கள்?"

"எழும்புங்கோ," என்றேன். "என்ரை வீட்டை விட்டுப் போங்கோ."

அப்போதுதான் சுகந்தி குசினியிலிருந்து வந்தாள். அவர் முன்னால் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"அங்கிள், நாங்கள் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்திலை அகதியா இருந்தனாங்கள். அண்டைக்குச் சத்தம் கொஞ்சம் அடங்கிக் கிடந்தது. அம்மா வெளியிலை கொடியிலை காயப்போட்ட என்ரை சட்டையை எடுக்கப் போனவா. நான் சன்னலாலை பாத்துக்கொண்டு நிண்டனான். அங்காலை வெடிக்கேக்கை நீங்கள் என்ன செய்தனீங்கள்? சந்தோசப்பட்டனீங்களோ?"

பிரதீபன், "சுகந்தி, பிளீஸ்," என்றான்.

மகேந்திரன் அவளையே பார்த்தார். "ஓம் பிள்ளை. ஒவ்வொரு வெடிக்கும் சேர்ச்சுக்கை இருந்தவை கைதட்டினவை. நானும் தட்டினனான்."

தலைகூடக் குனியவில்லை. அவள், "சரி," என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தாள். அவர்கள் போனபிறகு, கேசரியை அப்படியே குப்பையில் கொட்டினேன்.

உன்னோடும் எனக்குக் கோபம்தான். ஒரு சட்டை! ஈரத்தோடு கிடந்திருந்தால் என்ன? ஏன் போனாய்? பீரங்கிக்குப் பின்னால் நின்றவனுக்கு உன் முகம் தெரியாது. துறையை அடித்தானோ, பொடியளை அடித்தானோ, விழுந்தது உன்மேல். அவனைத் திட்ட எனக்கும் ஒரு முகம் கிடைக்கவில்லை. இப்போது ஒரு முகம் கிடைத்திருக்கிறது. அது என் வீட்டு சோபாவில் உட்கார்ந்து தேத்தண்ணி கேட்கிறது.

இன்னொன்றும் சொல்கிறேன். அந்தச் சேர்ச்சுக்குள் சுகந்தியை மடியில் வைத்துக்கொண்டு நான் கிடந்திருந்தால், நானும் கைதட்டியிருப்பேனோ? இந்தக் கேள்வியை என் மண்டைக்குள் போட்டுவிட்டுப் போனதற்காகவே அந்த மனிதரில் எனக்கு ஆத்திரம்.

"உந்தக் குடும்பம் வேண்டாமடி," என்று சுகந்தியிடம் சொன்னேன்.

"சித்தி, இவ்வளவு காலமும் எல்லாரும் என்னைப் பாவம் பிள்ளை எண்டுதான் சொன்னவை. உவர் ஒருத்தர்தான் நடந்ததைச் சொன்னவர். எனக்குப் பிரதீபன் வேணும். உவரை எனக்குப் பிடிக்கோணும் எண்டில்லைத்தானே?"

உன் பிடிவாதம் அப்படியே இருக்கிறது. நான் என்ன செய்ய?

நேற்று மகேந்திரன் எனக்குப் போன் எடுத்தார். குரல் உள்ளே போயிருந்தது. "தங்கச்சி, கலியாணத்தண்டு உங்கடை அக்காவின்ரை படத்துக்கு நான் ஒரு மாலை போடட்டோ?"

"உந்தக் கையாலை வேண்டாம்," என்றேன். போனை வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அழுதேன். ஆனால் சொன்னதை மாற்றவில்லை.

பனி கரைந்ததும் அஜின்கோர்ட்டில் ஒரு மண்டபத்தில் கலியாணம். நீ நிற்கவேண்டிய இடத்தில் நான் நிற்பேன். உன் மகளைச் சிரித்த முகத்தோடு கையைப் பிடித்துக் கொடுப்பேன். வந்த சனம் ஒரு குறையும் காணாது. அவளுக்குப் பிள்ளைகள் பிறந்தால், நீ எப்படிச் செத்தாய் என்பதை மறைக்காமல் சொல்லி வளர்ப்பேன், அவர்களுடைய அப்பப்பா மகேந்திரன் பக்கத்தில் இருந்தாலும். இவ்வளவும் செய்வேன், சத்தியம். அந்த மனிதரை மன்னிக்கச் சொல்லி மட்டும் என் கனவில் வராதே. நீ வந்து கேட்டாலும் மாட்டேன்.

உன் பிள்ளைக்குத் தாயாக நிற்கும்
உன் தங்கச்சி யோகம்