மாப்பிள்ளை காரில் நான் கழற்றியது

ராமுத்தாய்க்கு,

சிம்லாவில் நான் நலம். உன் மூச்சிரைப்பு குறைந்ததா?

போன மாதம் இங்கே நான் வேலை பார்க்கும் ஷெட்டுக்கு ஒரு கார் ஏற்றத்தில் கொதித்தது என்று வந்தது. இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாத தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசினேன். நம் ஊர் வெயிலில் முப்பது வருடம் செய்ததுதான். நேற்று அது திரும்பி வந்தது. அரைமணி ஓடியும் இன்ஜின் சூடேறவில்லை; பெட்ரோலைத்தான் குடித்தது.

நம் பேகம்பூர் வாஜித் திறந்து பார்த்து, "தெர்மோஸ்டாட்டே இல்ல பெரியவரே! எந்தக் கூறுகெட்டவன் கழட்டுனான்?" என்றான்.

"யாருக்குத் தெரியும்?" என்றேன்.

புதிதை மாட்டினான். பத்தே நிமிடத்தில் சூடு காட்டும் முள் நடுவில் நின்றது. அவனிடம் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

மாப்பிள்ளை பழனிக்குமார் காரிலும் அதைத்தான் கழற்றினேன். "ஆத்தூர் போய்ச் சேர்ற வரைக்கும் இன்ஜின் சூடாகல மாமா" என்றவரிடம், "எனக்கே பாடமா?" என்று கத்திவிட்டு, மகள் தீபா போட்ட சோற்றைத் தொடாமல் எழுந்து வந்தேன்.

குளிருக்கு ஒரு மப்ளர் அனுப்பு. பருப்புப் பொடியும் அனுப்பு. தீபா அரைத்ததாக இருந்தால் நல்லது.

ஷெட்டில் கூப்பிடுகிறார்கள். மாப்பிள்ளையைப் புது தெர்மோஸ்டாட் மாட்டச் சொல். நான் சொன்னதாகவே சொல். மன்னிப்பு என்று மட்டும் நீயாகச் சேர்த்துவிடாதே. அதை நான்தான் வந்து கேட்க வேண்டும்.

தங்கமுத்து