வீட்டில் முதல் பட்டதாரி யார்

மே 12, செவ்வாய்
மத்தியானம் வரை வெயில். நாலு மணிக்கு ஆலங்கட்டி மழை. மாடியில் காயப்போட்ட கம்பெனிச் சீருடை இரண்டும் நனைந்துவிட்டது. நாளை ஃபர்ஸ்ட் ஷிஃப்ட். இஸ்திரி போட்டே காயவைக்க வேண்டும்.

பவித்ராவுக்குப் பொறியியல் கலந்தாய்வு விண்ணப்பம் போட இ-சேவை மையத்துக்குப் போனோம். பிளஸ் டூவில் நல்ல மார்க். என் மகள்தான், ஆனால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டால் எனக்கு அதிகாரி. இனி இந்த நோட்டில் ப. என்றே எழுதுகிறேன், சோம்பல்.

சாதிச் சான்று இருக்கிறது. வருமானச் சான்று பழசு, புதுசு வேண்டும். முதல் பட்டதாரி சான்றிதழ் இல்லை. அது இனி மு.ப. அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்கள் யாரும் டிகிரி வாங்காத பிள்ளைக்குக் கொடுப்பது. அது இருந்தால் கட்டணத்தில் பெரும் பகுதி கழிந்துவிடும். இல்லாவிட்டால் ப.வைப் பொறியியலுக்கு அனுப்ப எங்களால் ஆகாது.

வீட்டில் வேறு யாராவது டிகிரியா என்று மையத்துப் பெண் கேட்டாள். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். ப. என் முகத்தைப் பார்த்தாள். அட, நான் இருக்கிறேனே.

நாற்பது வயசில் அஞ்சல் வழி பி.ஏ. வரலாறு. கடைசி வருஷம். அரியர் கிடையாது. இந்த மாதக் கடைசி சனி, ஞாயிறு இரண்டு பேப்பர் முடிந்தால் நானும் பட்டதாரி.

முடிக்காத டிகிரி கணக்கில் வருமா என்று அந்தப் பெண் தமிழில் விளக்கினாள். முழித்தேன். எல்லை ஊராச்சே, தெலுங்கிலும் விளக்கினாள். அதிலும் முழித்தேன். சரி, மு.ப.வுக்கும் போட்டுவிடுங்கள் என்று வந்துவிட்டோம்.

மே 14, வியாழன்
பால் பாக்கெட். ப.வுக்கு போட்டோ பத்து காப்பி. கேஸ் புக் பண்ண மறந்தாயிற்று.

மு.ப. பற்றி இன்று கேட்டதும் கிடைத்ததும்:
ஸ்டடி சென்டர் கிளார்க்: பட்டமளிப்பு முடிந்து சான்றிதழ் கையில் வந்தால்தான் பட்டதாரி, அதுவரை மாணவி.
லைன் லீடர்: அஞ்சல் வழியெல்லாம் கணக்கிலேயே வராது.
கம்பெனி பஸ்ஸில் பின் சீட்டு அம்மா: ஃபீஸ் கட்டிச் சேர்ந்த அன்றைக்கே போச்சு.
ஷமீம், லைனில் எனக்குப் பக்கத்தில் நின்று ஒயர் கட்டுகிறவள்: யாரிடமும் கேட்காதே, கேட்டால்தான் சட்டம் வரும்.

ஷமீம் சொன்னதுதான் சட்டம் மாதிரி இருக்கிறது.

வீட்டுக்காரர் இன்று தளியிலிருந்து வண்டியில் கோஸ் ஏற்றிக்கொண்டு பெங்களூர் போனார். போனில் கேட்டேன். யாரோடோ கன்னடத்தில் சண்டை போட்டுக்கொண்டே எனக்குத் தமிழில், ரெண்டு பேரும் படிங்க, நான் வண்டி ஓட்டறன் என்றார். நல்ல மனசு. கேட்டதற்குப் பதில் இல்லை.

மே 17, ஞாயிறு
நாத்தனார் பிள்ளைக்குக் காதுகுத்து. இவர் தாய்மாமன். தட்டு வரிசை, கெடா பிரியாணி, நல்ல கூட்டம். எனக்குத் தலைவலி.

தெருமுனையில் ஃபிளெக்ஸ். இவருடைய வேலை. எங்கள் பக்கத்தில் படிப்பைப் போடாமல் பேர் போட்டால் அந்த ஆளை மதிக்கவில்லை என்று அர்த்தம். நாத்தனாரின் கொழுந்தன் மகன் காலேஜை விட்டே ஓடியவன், அவனுக்கும் பி.இ. போட்டிருக்கிறது. தாய்மாமன் முனிராஜ் பெரிய போட்டோவில் மீசையோடு. பக்கத்தில் நான். கீழே மஞ்சுளா முனிராஜ் பி.ஏ.

இன்னும் எழுதவே இல்லையே என்றேன். எழுதத்தானே போற என்றார்.

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தண்ணீர் பிடிக்கிற சாக்கில் இரண்டு தடவை அந்தப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது.

மே 20, புதன்
மு.ப. விசாரணைக்கு வி.ஏ.ஓ. வந்தார். நேரே வீட்டுக்கு வரவில்லை, தெருமுனையில் வண்டியை நிறுத்திவிட்டு ஃபிளெக்ஸை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். ஹால் டிக்கெட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

படித்துக்கொண்டுதான் இருக்கிறேன் சார், இன்னும் பாஸ் ஆகவில்லை என்றேன். ஹால் டிக்கெட்டைக் காட்டினேன். நல்ல மனுஷன், சிரித்தார்.

"பேருக்குப் பின்னாடி பி.ஏ. போட்டு ஊருக்கே காட்டிட்டீங்க. யாருமே படிக்கலன்னு நான் எப்படிம்மா எழுதிக் கொடுக்கறது? நாளைக்கு எவனாவது இதப் போட்டோ எடுத்து மனு போட்டா?"

வருவாய் ஆய்வாளர் ஆர்.ஐ.யைப் பார்க்கச் சொல்லிவிட்டுப் போனார்.

வேலியில் போற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை. இவரிடம் சொன்னேன். எல்லாரும் போடறதுதானே என்றார்.

மே 22, வெள்ளி
பர்மிஷன் போட்டுவிட்டு ஆர்.ஐ. அலுவலகம். ஃபேன் ஓடவில்லை. அவர் தெளிவாகச் சொன்னார், இத்தனை நாளில் தெளிவாகச் சொன்ன ஒரே ஆள். என் ரிசல்ட் வந்ததும் கொண்டுவர வேண்டும். ஒரு பேப்பராவது நின்றிருந்தால் ப.வுக்கு மு.ப. உண்டு. எல்லாம் பாஸ் என்றால் இல்லை. கலந்தாய்வுக்கு முன்னால் என் ரிசல்ட் வந்துவிடும். விசாரித்துவிட்டேன்.

கம்பெனியிலும் ஒரு உதவித்தொகை இருக்கிறது. வேலை செய்துகொண்டே படிக்கிறவர்களுக்கு, கட்டிய ஃபீஸ் முழுக்கத் திரும்பக் கிடைக்கும். நிபந்தனை, அரியர் இல்லாமல் முடிக்க வேண்டும். முடித்தால் குவாலிட்டி டேபிளுக்கு மாற்றுவார்கள். உட்கார்ந்து பார்க்கிற வேலை. நின்று நின்று என் கால் நரம்பெல்லாம் சுருட்டிக்கொண்டு கிடக்கிறது.

ஆக ஒரு உதவி தேறு என்கிறது, இன்னொரு உதவி தேறாதே என்கிறது. இரண்டும் உதவிதான். யாரைத் திட்டுவது என்றுகூடத் தெரியவில்லை.

ஷமீம் சாப்பாட்டு நேரத்தில் தெளிவாகச் சொன்னாள். "கடசிப் பேப்பருக்குப் போவாத மஞ்சுக்கா. பரீட்ச எங்க ஓடிப்போவுது, டிசம்பர்ல எழுதிக்க. புள்ளைக்கு இந்த வருசம் போனா போனதுதான்."

சரி என்றேன். சரிதான். அப்புறம் ஏன் சோறு இறங்கவில்லை?

மே 26, செவ்வாய்
மழை இல்லை. புழுக்கம். வண்டியில் தார்ப்பாய் கிழிந்துவிட்டதாம், அவர் ஃபிளெக்ஸைக் கழற்றிக் கோஸ் மூட்டை மேல் போட்டுக் கட்டிவிட்டார். பி.ஏ.வோடு என் முகம் இன்று தளி ரோட்டில் போயிற்று. சிரித்துவிட்டேன், அப்புறம் அழுகை வந்தது. எதற்கு இரண்டும் என்று தெரியவில்லை.

சாயங்காலம் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். ப. வந்து எதிரில் உட்கார்ந்தாள். கடைசிப் பேப்பர் புத்தகத்தை மட்டும் ஏன் தொடவே இல்லை என்றாள். நேரம் இல்லை என்றேன். ஷமீமிடம் ஏற்கெனவே கேட்டுவிட்டு வந்திருக்கிறாள், கள்ளி.

"நீ எனக்காக ஃபெயில் ஆனன்னா, அந்தக் காலேஜ்ல நான் எப்படிம்மா உக்காருவன்?"

"நான் பாஸ் ஆனா உனக்கு உக்கார எடமே இல்லியேடி."

அரசு கல்லூரியில் பி.எஸ்சி. சேர்ந்துகொள்கிறாளாம். ரொம்ப சாதாரணமாகச் சொன்னாள். அப்புறம் குளிக்கப் போனாள். குழாயைத் திறந்துவிட்டு நெடுநேரம் வெளியே வரவில்லை. எனக்குத் தெரியாதா, அவள் எதற்குக் குழாயைத் திறந்துவிடுவாள் என்று.

மே 29, வெள்ளி
ஒரு முடிவுக்கு வந்தேன். பரீட்சைக்குப் போவேன், ப.வின் வாயை அடைக்க. முதல் பேப்பர் ஒழுங்காக எழுதுவேன். கடைசிப் பேப்பரில் இரண்டு சின்னக் கேள்வி மட்டும். அவளுக்கும் பொய் சொன்ன மாதிரி ஆகாது, மு.ப.வும் கிடைக்கும். கம்பெனிப் பணம் போனால் போகட்டும்.

நீல மை பேனா இரண்டு. தண்ணீர் பாட்டில். அவரிடம் எதுவும் சொல்லவில்லை.

மே 30, சனி
முதல் பேப்பர் எழுதியாயிற்று. பரவாயில்லை. பக்கத்து பெஞ்சில் என்னைவிட மூத்தவர், காக்கி பேன்ட், ஷிஃப்ட் முடித்து நேரே வந்திருப்பார் போல. பாதியில் தூங்கிவிட்டார். ஹாலில் இருந்த மேடம் மெல்லத் தட்டி எழுப்பினார்.

நாளைக்கு மறக்கக் கூடாது: இரண்டு சின்னக் கேள்வி. அதற்கு மேல் வேண்டாம்.

மே 31, ஞாயிறு
ப. பஸ் ஸ்டாண்ட் வரை வந்தாள். ஹால் டிக்கெட் எடுத்தாயா என்று மூன்று தடவை கேட்டாள். நான் அவளை முதல் நாள் பள்ளிக்கூடத்தில் விட்டபோதுகூட இத்தனை தடவை கேட்டதில்லை.

கேள்வித்தாள் வந்தது. இரண்டு சின்னக் கேள்வி எழுதினேன். பேனாவை மூடி வைத்தேன். சுவரில் கடிகாரம். சுற்றிலும் எல்லாரும் குனிந்து எழுதுகிறார்கள். நான் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறேன். மேடம் என்னையே பார்த்தார்.

பெரிய கேள்வியில் பசுமைப் புரட்சி. புத்தகத்தைத் தொடாமலே தெரிந்தது. வகுப்பில் கேட்டது, மூட்டை உரத்துக்கு அப்பா கூட்டுறவு சொசைட்டி வாசலில் நின்றது, எல்லாம் வரிசையாக வந்தது. சும்மா ஒரு பத்தி மட்டும் என்று ஆரம்பித்தேன். கை நிற்கவில்லை. அடுத்த கேள்வியும் தெரியும். அதற்கடுத்ததும். எழுந்து நின்று கூடுதல் தாள் கேட்டு வாங்கினேன். பிள்ளை ஞாபகம் அந்த நேரத்தில் வரவே இல்லை. பாவி.

வீட்டுக்கு வந்ததும் ப. எப்படிம்மா என்றாள். சுமார் என்றேன்.

நன்றாக எழுதிவிட்டேன். தேறிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.